துக்கம் கழிக்கிற கறி

என் மனைவி கறி தின்பதை விட்டது எனக்காக. நெஞ்சுவலி வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆளைத் திருப்பிக் கொடு, ஆயுசுக்கும் கவுச்சி தொடமாட்டேன் என்று ஆனைமலை மாசாணியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்து வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? ஞாயிற்றுக்கிழமையானால் மட்டன் கேட்டேன். அவளும் முகம் சுளிக்காமல் ஆக்கிப்போட்டாள். ருசி பார்க்க மட்டும் முடியாது. துளி குழம்பை என் உள்ளங்கையில் ஊற்றி, "உப்பு பாத்துச் சொல்லுங்க" என்பாள்.

சில வருடம் கழித்து அவளுக்கு வயிற்றில் புற்று என்றார்கள். மருந்து ஏற ஏற ஆள் கரைந்துபோனாள். வளையல் முழங்கை வரை ஏறியது. அடுத்த மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். முட்டையோ பாலோ கறியோ, எது இறங்குகிறதோ கொடுங்கள் என்றார் டாக்டர். பால் அவளுக்குச் சேரவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. முட்டையும் கவுச்சிதான் என்று தள்ளிவிட்டாள்.

மகளுக்குப் பெங்களூரில் வேலை. கறி என்ன, பால் தயிர்கூடத் தொடாதவள். மாட்டிடமிருந்து எதையும் பிடுங்கித் தின்னக்கூடாது என்பது அவள் கொள்கை. லீவு போட்டு வந்து சோயா, பருப்பு, வேர்க்கடலை என்று விதவிதமாக அரைத்துக் கொடுத்தாள். என் மனைவி இரண்டு வாய் வாங்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வாள். வெள்ளகோவிலிலிருந்து வந்த என் மச்சான், அவளுடைய அண்ணன், ஆட்டுக்கால் சூப்பைத் தவிர வேறெதையும் மருந்தென்று ஒத்துக்கொள்ளாத மனுஷன்.

"ஆட்டப் பாக்கறதா, உங்கம்மா உசுரப் பாக்கறதா அம்மணி?" என்றார் அவர்.

"அம்மாவே வேண்டாங்கறாங்க. நாம யாருங்க மாமா ஊத்தறதுக்கு?" என்றாள் மகள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். இரண்டு பேர் சொன்னதும் சரியாக வேறு இருந்து தொலைத்தது.

கடைசியில் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து நானே கேட்டேன். நான்தான் நன்றாக இருக்கிறேனே, இனி அந்த வேண்டுதல் எதற்கு என்றேன்.

"நீங்க நல்லா இருக்கறதுனாலதானுங்க அத மாத்தக்கூடாது" என்றாள். "சொல்லிப்போட்டு வாங்கிட்டு வந்த உசுருங்க."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மறுநாளே காரில் படுக்கவைத்து ஆனைமலைக்குக் கூட்டிப்போனேன். சன்னிதியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் வேண்டுதலை நான் எடுத்துக்கொள்கிறேன், நான் தொடமாட்டேன், இவள் தின்று பிழைக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. பூ கேட்டால்தான் ஆச்சு என்றாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் வைத்து, அங்கிருந்த ஒரு குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்.

அன்று முதல் அவள் சூப் குடித்தாள். மகளே அதைச் சூடுபண்ணி ஊட்டினாள். கொஞ்ச நாள் முகத்தில் களைகூட வந்தது. வாசல் வரை தானாக நடந்தாள். நான் நம்பிவிட்டேன். பிறகு அதுவும் இறங்கவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் போய்விட்டாள். பாலைத் தொடாத மகள் அம்மா வாயில் பால் ஊற்றினாள்.

காரியம் முடிந்ததும், பிறந்த வீட்டார் கறி எடுத்து ஆக்கிப்போட்டுத் துக்கம் கழிப்பது எங்கள் வழக்கம். பறிகொடுத்தவன் முதல் வாய் தின்ற பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் கை வைப்பார்கள். மச்சான் என் இலையில் கறியைப் பரிமாறினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மன் வாக்குத் தவறிவிட்டாள், இனி எனக்கு மட்டும் என்ன வாக்கு என்று ஒரு பக்கம் ஆத்திரம். ஆனால் அவளுக்காக நான் விட்டது என்று இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் தின்றுவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

பந்தி முழுக்க என் கையையே பார்த்தது.

"மாப்ள, எல்லாம் விடியால கெளம்பி வந்த சனங்க. நீங்க கை வெச்சாத்தானுங்க" என்றார் மச்சான். அவர் குரலும் சரியில்லை.

எனக்குப் பக்கத்து இலையில் வெறும் சோறும் ரசமுமாக உட்கார்ந்திருந்த மகள், "சாப்பிடுங்கப்பா" என்றாள். "அம்மா இருந்தா இத்தன பேரப் பசியோட உக்கார வெச்சிருப்பாங்களா?"

எடுத்து வாயில் வைத்தேன். தொண்டையில் நிற்கும், குமட்டும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ருசியாக இருந்தது. இலை காலியானதைப் பார்த்துவிட்டு மச்சான் குனிந்து, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா மாப்ள என்று கேட்டார்.

வையுங்க என்றேன்.