ஊருக்குள் விடப்படாதவர் பாட்டு

மாமா ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிற சங்கதியை அம்மா என்னிடம் மட்டும்தான் சொன்னாள். பள்ளிக்கூட லீவுக்குத் தாத்தா வீட்டில் இருந்தோம். ஆலங்குடிக்கு ஜவுளி எடுக்கப் போவதாகத் தாத்தாவிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அம்மாவின் தம்பி வேற்றுச் சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் வாசற்படி மிதிக்கக்கூடாது என்பது தாத்தாவின் உத்தரவு. எனக்கு அது, குளத்தில் தனியாக இறங்கக்கூடாது என்பதைப் போல இன்னொரு சட்டம், அவ்வளவுதான்.

சிநேகிதர் ஒருவரின் தென்னந்தோப்பில் மாமா கிடாரோடு காத்திருந்தார். எனக்குச் சாக்லேட் தந்துவிட்டு, அம்மா கொண்டுபோன தூக்குவாளியைத் திறந்தார். மீன்குழம்புச் சோற்றில் ஒரு வாய் வைத்ததும், "அம்மா வச்சதா?" என்றார். அம்மாச்சி வைத்ததுதான் என்று அம்மா தலையாட்டினாள். வாளி காலியாகும்வரை அவர் நிமிரவே இல்லை.

பிறகு ஜெர்மன் பாஷையில் பாடினார். தொண்டையில் முள் சிக்கியவர் பாடுவதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"யாரு பாட்டுடா இது?" என்றாள் அம்மா.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் அங்கே ஒரு பாட்டுக்காரராம். தன் அரசாங்கத்தையே நையாண்டி செய்து பாடுவாராம். மேடையேறத் தடை போட்டார்கள். வீட்டுக்குள்ளேயே நண்பர்களை உட்காரவைத்துப் பாடினார். கடைசியில், எல்லை தாண்டிக் கச்சேரிக்குப் போனவரை இனி திரும்பி வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

"அம்புட்டு வஞ்சவருக்கு அந்த ஊரு எதுக்குடா?"

"வையிறதுக்கும் சொந்த ஊருதானேக்கா வேணும்."

அம்மா காலி வாளியை மூடினாள். "பெறகாவது ஊருக்குள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க. ரொம்ப வருசம் கழிச்சு."

"அப்ப அவரோட அம்மா இருந்தாங்களா?"

மாமா கிடார்க் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். "தெரியலக்கா" என்றார்.

பஸ் ஏற்றிவிட ரோடு வரை வந்தார். எங்கள் பஸ் ஊர்ப்பக்கம் திரும்பும்வரை அங்கேயே நின்றார். அந்த உத்தரவைத் தாத்தா கடைசிவரை மாற்றவில்லை. அவர் போன பிறகு மாமா வீட்டுக்குள் வந்தபோது வரவேற்க அம்மாச்சியும் உயிரோடு இல்லை.

அன்று பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்து, "பாவம்மா அந்தப் பாட்டுக்காரரு" என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். சரியாகத்தான் ஆறுதல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.