ஒரு கார் நிற்கும் இடம்

தாம்பரத்தில் பாகீரதி டீச்சரின் மகன் ராகவேந்திரா வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் கார் நிறுத்த ஓர் இடம்தான் உண்டு. அவன் மின்சார ரயிலில் போய் வருகிறவன். அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. நீடாமங்கலத்தில் டீச்சர் வீட்டிலோ இரண்டு கார்கள். வரும் மே மாதம் அவள் ஓய்வு பெற்றதும் கணவனும் மனைவியும் மகனோடு போய்ச் சேர்வது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கார் போவது என்பதுதான் முடிவாகவில்லை.

ஒன்று, கணவர் சந்தானகிருஷ்ணனின் வெள்ளைக் கார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் காரைத் துடைத்து உறை போட்ட பிறகுதான் பேப்பரைத் தொடுவார். மற்றது கார்தானா என்பதிலேயே ஊரில் இரண்டு கட்சி உண்டு. அறுபதுகளில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் அடிச்சட்டம், அதன் மேல் கூரையும் கதவும் இல்லாத தாழ்வான சிவப்பு உடம்பு, படகு மாதிரி குறுகி மேலே எழும்பும் பின்பக்கம். பாகீரதி தானே கட்டிய வண்டி. திருத்துறைப்பூண்டியில் மூடிப்போன ஒரு ரைஸ் மில்லில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த காரைக் கேட்டு வாங்கி, வெட்டி, ஒட்டி, இப்படி ஆக்கியிருந்தாள்.

கணக்கு டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள். உண்மையான பதிலைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது தோழிகளோடு பஸ் பிடித்துச் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனாள். பழைய விமான ஓடுதளம், மண்டையைப் பிளக்கும் வெயில். வெளிநாட்டு வண்டிகளுக்கு நடுவே, யாரோ தங்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டிய வண்டிகளும் ஓடின. தோற்றுத்தான் போயின. ஆனால் அவற்றில் ஒன்று அவளைத் தாண்டிப் போனபோது நெஞ்சுக்கூட்டில் ஓர் அதிர்வு வந்ததே, அது மட்டும் போகவில்லை. கல்யாணம், பிள்ளை, மாமனாரின் கடைசிக் காலம், பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் வந்து போன பிறகும் போகவில்லை. ஓர் ஆசை சோறு தண்ணீர் கேட்காமல் இத்தனை காலம் ஒருத்தியோடு கூடவே இருந்தால், அதற்கு ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்?

செய்தாள். நாகூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் யூனுஸ் கூட்டாளியானார். சனி, ஞாயிறுகளில் ரயிலேறிப் போய்விடுவாள். அங்கே ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர்களைப் பிடித்துத்தான் அந்தப் பின்பக்கத்தை அச்செடுத்து வார்த்தார்கள். அழகில் மயங்கி உயரத்தைக் கூட்டிவிட்டார்கள். ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன வருகிறதென்று எதுவும் தெரியாது.

பழைய கார் பிரியர்களில் இரண்டு ரகம். கம்பெனியில் வந்தபடியே, ஒரு திருகாணிகூட மாறாமல் இருக்க வேண்டும் என்பவர்கள் முதல் ரகம். அவர்களுக்குப் பாகீரதி செய்தது படுகொலை. அவளோ, ஒரு வண்டி எப்படிப் பிறந்தது என்பதைவிட என்னவாக ஆக முடியும் என்பதில்தான் சுவாரசியம் என்று நினைப்பவள். பெண்களைப் பற்றியும் அவளுக்கு அதே அபிப்பிராயம்தான். அதை வெளியே சொன்னதில்லை.

சந்தானகிருஷ்ணன் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ரயில்வே கேட் மூடி, அவர் காருக்கு முன்னால் அவள் வண்டி நிற்கும்போது யாராவது அவரிடம், "என்ன கம்பெனி வண்டி சார் அது?" என்று கேட்டால், "எங்காத்துப் பைத்தியம்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் அது பாகீரதிக்கு வலிக்கும்.

சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலைச்சாலையில் பழைய கார்களை ஏற்றிக் காட்டும் நிகழ்ச்சியை ஒரு கிளப் நடத்துவதாகத் தெரிந்தது. மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கும் இடம் உண்டாம். பாகீரதி பெயர் கொடுத்தாள். அன்று சாப்பிடும்போது சந்தானகிருஷ்ணன் பேச்செடுத்தார்.

"உன் வண்டி மலை உச்சி வரைக்கும் ஏறிடுத்துன்னா, தாம்பரத்துல அந்த இடம் அதுக்கு. ஏறலைன்னா இங்கேயே பிரிச்சுப் போட்டுடணும். சரியா?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரோஷம் முந்திக்கொண்டது. "சரி" என்றாள்.

கூட ஒருவர் உட்கார வேண்டும் என்பது கிளப்பின் விதி. யூனுஸ்தான் வருவதாக இருந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவர் மகள் ஷிஃபாவைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டார்கள். "மன்னிச்சுக்குங்க டீச்சர், இந்த நேரத்துல என்னால நகர முடியாது" என்றார் போனில். பாகீரதி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது சந்தானகிருஷ்ணன் பேப்பரை மடித்தார்.

"நான் வரேன். நான் பாக்காம, ஏறிடுத்துன்னு நீ வந்து சொன்னா எப்படி நம்பறது?"

துணையாக அல்ல, நடுவராகத்தான் வந்தார். வண்டியை மினி லாரியில் ஏற்றி மலையடிவாரத்தில் இறக்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

முதல் வளைவுகளில் வண்டி ராஜா மாதிரி போனது. இன்ஜின் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தபோது பாகீரதிக்குச் சோழவரத்து வெயிலே முகத்தில் அடித்தது போலிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக எழும்பியது. இன்ஜின் இருமியது. திணறியது. நின்றுவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. சந்தானகிருஷ்ணன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பாகீரதி பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. டேங்க்கிலோ நிறைய இருந்தது. அப்போதுதான் தான் செய்த தப்பு அவளுக்கு உறைத்தது.

பழைய பெட்ரோல் பம்ப் தொல்லை கொடுத்ததால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்க்கை முன்கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்தாள். அங்கிருந்து முன்னே இருக்கும் இன்ஜினுக்கு ஒரு சாண் வாட்டம். பெட்ரோல் தானாக இறங்கும். யூனுஸ்கூட, "இவ்வளவு போதுமா டீச்சர்?" என்று கேட்டார். "மேட்டூர்லேருந்து எங்க வயல் வரைக்கும் காவேரியை எந்த பம்ப் தள்ளிண்டு வரது?" என்று மடக்கிவிட்டாள். வாய்க்காலும் மடையும் பார்த்து வளர்ந்தவள். துளி வாட்டம் இருந்தால் தண்ணீர் மைல் கணக்கில் போகும் என்பது அவளுக்குப் பால பாடம். சமதரையில் அது சரி. நீடாமங்கலத்தில் மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறும் இடம்தான். ஓட்டிப் பார்த்ததும் அங்கேதான். நிலமே சாய்ந்து நிற்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இங்கே வண்டி மூக்கைத் தூக்கியதும் இன்ஜின் மேடாகி, டேங்க் பள்ளமாகிவிட்டது.

"மேட்டுக்குப் பாய மாட்டேங்கறது" என்றாள். எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை ரயில் பயணங்கள். எல்லாம் ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றுவிட்டன.

சந்தானகிருஷ்ணன் குனிந்து டேங்க்கைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். அவரும் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைதான்.

"அப்ப திருப்பு" என்றார்.

"எதை?"

"வண்டியை. இன்ஜின் பள்ளத்துல இருக்கட்டும், டேங்க் மேட்டுல இருக்கட்டும். ரிவர்ஸ்ல ஏறு."

சொன்ன பிறகுதான் அவருக்கே பந்தயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டியை இறுக்கிக்கொண்டார். பாகீரதியும் அதைக் கவனித்தாள்.

"பின்னாடி ஒண்ணும் தெரியாதே எனக்கு."

"எனக்குத் தெரியும். வா."

கீழே வளைவு வரை உருட்டிக்கொண்டு போய்த் திருப்பினார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு வயது மனிதர் இருக்கையில் பின்பக்கம் பார்த்து மண்டியிட்டு, படகு வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இடது, இடது!" என்று கத்தினார்.

"யார் இடது? உங்களுதா, என்னுதா?"

அதில் ஒரு சண்டை. பிறகு 'மலைப்பக்கம்', 'பள்ளப்பக்கம்' என்று வைத்துக்கொண்டார்கள். "மலைப்பக்கம் கொஞ்சம் ஒடி. போறும். நேரா வா. இன்னும் வா. பயப்படாதே, நான் பாத்துண்டிருக்கேன்." அவர் தொண்டை கட்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். பாகீரதியின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கீழே விலகிக்கொண்டே போன சாலைதான். ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது. கண் அவரிடம் இருந்தது. வெளிப்புறம் தடுப்புச் சுவர் இல்லாத ஓர் இடத்தைக் கடந்தபோது, வண்டி ஏறாவிட்டால் லாபம் யாருக்கு என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "பள்ளப்பக்கம் ஒரு பிடி" என்றார் அவர். ஒடித்தாள்.

உச்சியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளப் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் ஓடி வந்தான்.

"சூப்பர் மேடம்! ஆனா ரிவர்ஸ்ல வந்தா ஏறினதா எடுத்துக்க மாட்டோம். ரூல் அப்படி. சாரி மேடம்."

பாகீரதி தலையாட்டினாள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள். விதியோடு வழக்காட அவளுக்கு வராது. அவன் போன பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தோத்துட்டேன். ஷிஃபாவுக்கு நல்லபடியா குழந்தை பொறந்ததும் யூனுஸ் பாய்கிட்ட சொல்லிப் பிரிச்சுடறேன்."

சந்தானகிருஷ்ணன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"பந்தயம் கட்டினது நானா, அந்தப் பையனா?" என்றார் கரகரத்த குரலில். "பின்னாடி என்ன இருக்குன்னு ஒண்ணுமே தெரியாம, நான் சொன்னதை மட்டும் நம்பி வந்தே. நானா இருந்தா வந்திருக்க மாட்டேன், பாகீ. சத்தியமா வந்திருக்க மாட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"ராகவா, பழைய காரை விக்கறதுக்கு ஏதோ ஆப் இருக்கே, அதுல எப்படிப் போடறது? என் வெள்ளைக் காரைத்தாண்டா. ஆமாம், நன்னா யோசிச்சுதான் சொல்றேன்."

"அம்மா பக்கத்துல இருக்காளா?" என்றான் ராகவேந்திரா, சந்தேகத்தோடு.

"இருக்கா. ஆனா இப்போ பேசற நிலைமைல இல்லை" என்றார் சந்தானகிருஷ்ணன்.