கண்ணால் பேசுகிறவரின் கம்ப்யூட்டர்

ரேடியோ என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். ஃபர்னிச்சர் கடையில் சேல்ஸ்மேனாக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாற்காலி பார்க்க வந்தவரைப் பேசிப் பேசியே கட்டிலும் மெத்தையும் வாங்க வைத்து, வழியனுப்ப வாசல்வரை போகும்போது ஒரு முக்காலியையும் தலையில் கட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு நரம்புகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய் வந்தது. முதலில் கை, பிறகு கால், அப்புறம் நாக்கு. கண்கள் மட்டும் மிஞ்சின.

அந்தக் கண்களை நம்பித்தான் கம்ப்யூட்டர் வந்தது. கட்டிலுக்கு எதிரே ஒரு ஸ்டாண்டில் திரை, அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கேமரா. திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். எந்த எழுத்தின் மேல் அவர் பார்வை நிற்கிறதோ அது பதிவாகும். பார்வை இருக்குமிடத்தைக் காட்ட ஒரு நீலப் புள்ளி கூடவே ஓடும். வாக்கியம் முடிந்ததும் 'பேசு' என்ற கட்டத்தைப் பார்த்தால் இயந்திரம் உரக்கப் படிக்கும். உணர்ச்சியே இல்லாத வறட்டுக் குரல். ஆனாலும் அந்தக் குரலில் அவர் வம்பளந்தார், பக்கத்து வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தார், மனைவியிடம் சண்டைகூடப் போட்டார்.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அதனால் வீட்டிலும் அவளை 'டீச்சர்' என்றே அழைப்பார். கற்றுக்கொள்ள வந்த ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து உயிரை வாங்கிவிட்டுப் போன ஒரு மத்தியானம், அவள் களைத்துப்போய் வீடு திரும்பினாள். திரையின் பெரும்பகுதியை ஓர் அறிவிப்பு மறைத்துக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லி ஒரு வாரமாகத் தொல்லை கொடுத்த அதே அறிவிப்பு.

"இது ஒண்ணு, சனியன்! மாத்தித் தொலைச்சுடலாமா?" என்றாள்.

அவர் கண்கள் அவசரமாக அசைந்தன. அறிவிப்புக்குக் கீழே தெரிந்த எழுத்துகளைத் தேடிப் பிடித்தார். இயந்திரம் "வே..." என்றது. அவள் அதற்குள் அழுத்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் ஆமையாகிவிட்டது. காலையில் எழுத்துகள் திரைக்கு வருவதற்குள் அவள் சமையலையே முடித்துவிடலாம். நீலப் புள்ளி ஒரே இடத்தில் உறைந்து நிற்கும், திடீரென்று தாவும். அவர் முடித்த வாக்கியம் வெகுநேரம் கழித்து ஒலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசினாள்.

"அப்பா, சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?"

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "குழந்தைக்கு மூணு நாளா காய்ச்சல்ப்பா. வாந்தி வேற எடுக்கிறா."

"ரொம்ப நல்லா இருக்கு," என்றது இயந்திரம்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு," என்றாள். "இது கம்ப்யூட்டர்தானா? அப்பாவுக்குக் கண்ணும் போக ஆரம்பிச்சுடுச்சா?"

"வாயை மூடுடி!" என்று டீச்சர் போனை வைத்துவிட்டாள். ஆனால் கேள்வி உள்ளே நுழைந்துவிட்டது. பாடம் நடத்தும்போதுகூட அது மண்டையைக் குடைந்தது. கண்ணும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எப்போது என்று சொல்லவில்லை. அதனால் அவள் கம்ப்யூட்டரைத் திட்டினாள். தட்டினாள், அணைத்துப் போட்டாள், உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கத்தினாள். இயந்திரத்தின் மேல் பழி இருக்கும்வரை நல்லது என்று தோன்றியது. கணவர் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரிப்பேர்காரரை வரவழைத்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த நடுவயதுக்காரர். கட்டிலில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

"பழைய பதிப்புக்கே திரும்பப் போயிடலாமா, சார்?" என்று கேட்டாள்.

"போயிருக்கலாம்மா. ஆனா பழைய ஃபைலை எல்லாம் யாரோ அழிச்சிருக்காங்களே."

இடம் பத்தவில்லை, அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது 'சரி' சொன்னது அவள்தான். முகம் சுண்டிப்போனது.

"விடுங்க, எல்லாரும் செய்யறதுதான்," என்றார் ரிப்பேர்காரர். யாரும் கேட்காமலே தாங்களாக ஓட ஆரம்பிக்கும் புரோகிராம்கள் ஒரு கூட்டமே இருந்தன. அவற்றை நிறுத்தினார். பழைய ஹார்ட் டிஸ்க் புதிய பதிப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதைக் காட்டினார். அதைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். கேமராவை இயக்கும் மென்பொருளும் மாற்றத்தில் கெட்டுப்போயிருந்தது. அதையும் புதிதாகப் போட்டார்.

கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் உயிர் பெற்றது. ரிப்பேர்காரர் கட்டிலின் ஓரத்தில் குனிந்து, தன் கண்ணாலேயே எழுதிப் பார்த்தார். புள்ளி பறந்தது. "நீங்க பாருங்கம்மா," என்றார். அவள் பார்த்தாள். நினைத்த இடத்தில் எல்லாம் புள்ளி போய் நின்றது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இப்ப நீங்க பேசுங்க!" என்று கணவர் பக்கம் திரையைத் திருப்பினாள்.

புள்ளி நகர்ந்தது. முன்பு போல் உறையவில்லை, தாவவில்லை. ஆனால் மெதுவாக, நடுங்கி நடுங்கி நகர்ந்தது. ஓர் எழுத்தை அடைந்து, அங்கே நிற்க முடியாமல் நழுவி, மறுபடி ஏறியது.

ரிப்பேர்காரர் அவளைப் பார்க்காமல் வயர்களைச் சுற்ற ஆரம்பித்தார். நெடுநேரம் கழித்து இயந்திரம் படித்தது:

"எனக்குத் தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"முன்னாடியே. நீ மெஷினைத் திட்டினே. திட்டட்டும்னு விட்டேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!" என்று சீறினாள். சீறலின் பாதியிலேயே குரல் உடைந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது ரிப்பேர்காரர் திரையை மாற்றிக்கொண்டிருந்தார். எழுத்துகள் குறைந்து, கட்டங்கள் பெரிதாகியிருந்தன. "அடிக்கடி சொல்றதை முழு வாக்கியமாவே ஒவ்வொரு கட்டத்திலயும் போட்டுக்கலாம்மா. ஒரு தடவை பார்த்தாப் போதும். நடுங்கினாலும் பிடிச்சுக்கும்," என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். "தண்ணி வேணும்", "வலிக்குது", "திருப்பிப் படுக்க வை" என்று அடுக்கினாள். அவர் கண்ணை இறுக மூடித் திறந்தார். வேண்டாம் என்பதற்கு அதுதான் சைகை.

"வேற என்னதான் வேணும்? சொல்லுங்க, காத்திருக்கேன்."

காத்திருந்தாள். "சும்மா இரு டீச்சர்" என்று வந்தது. போட்டாள். "அவன் சொல்றதை நம்பாதே" என்று வந்தது. "எவன்?" என்று கேட்டாள். "எவனா இருந்தாலும்" என்றார். அதையும் போட்டாள். "தண்ணி வேணும்" இருந்தே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அதில் கொஞ்சம் சண்டை வந்தது. ஒரு மூலையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

கீழ் வரிசையில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. புள்ளி அதற்கான எழுத்துகளைத் தேடி நெடுநேரம் தடுமாறியது. அவள் பாதியிலேயே ஊகித்துவிட்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை, முடிக்கவிட்டாள்.

"பயமா இருக்கு."

இத்தனை வருஷப் பேச்சில் அவர் சொல்லாத ஒன்று. அவள் அதை அப்படியே கட்டத்தில் ஏற்றினாள்.

அன்று அவர் அந்தக் கட்டத்தின் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பி, கைப்பையைத் தோளில் மாட்டியபோது பின்னாலிருந்து அந்த வறட்டுக் குரல் அதைச் சொன்னது. அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து முதல் வகுப்புக்கு வர முடியாது என்றாள். கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தாங்க," என்றாள்.