ஹாலுக்கு வந்த கடல்

போன வாரம் மின்சார மீட்டர் குறிக்க வந்தவர், குறித்துவிட்டுப் போகவில்லை. ஹால் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டார். மீட்டர் குறிக்க வருகிறவர் இப்படிக் கேட்டு நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நாற்காலி போட்டேன். காபி கொடுத்தேன். மனிதர் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, "இன்னாடா இந்த வூட்டு மீட்டர் இப்டி ஓடுதேன்னு பாத்தேன்... ஓடட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடலை. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை — மாமல்லபுரத்துக் கடல், எங்கள் செங்கல்பட்டு வீட்டு ஹாலில், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. நிஜக் கடல் தண்ணீர். நிஜ மணல். கரையில் ஒதுங்கிய பழைய பாறைத் துண்டுகள், அவற்றின் மேல் ரோஸ் நிறப் படலம், சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்கள். பூ என்றால் செடியில்லை. எல்லாம் உயிருள்ள பிராணிகள். பவளம் மட்டும் கிடையாது. அதை எடுக்கத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நடுவில் கடல் சாமந்தி என்ற இன்னொரு பிராணி, அத்தனை விரல்களையும் விரித்துக்கொண்டு. அதற்குள் படுத்துப் புரளும் இரண்டு ஆரஞ்சு மீன்கள். அப்புறம் ஒரு சிவப்பு இறால் — முதுகில் வெள்ளைக் கோடு, நீள நீளமாக வெள்ளை மீசை.

பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்? ரொம்பவே பெருமையாக இருக்கிறது!

ஆனால் இந்தத் தொட்டி இன்றைக்கு இங்கே இருப்பதே... அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பத்தி எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டு டிவி, மகன் கேட்டு வாங்கியது. சோபா, நாத்தனார் பர்வதம் பார்த்துச் சொன்னது. ஜன்னல் கர்ட்டன்கூட என்னைக் கேட்டு வரவில்லை. எனக்கு வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் இந்தத் தொட்டிதான். தங்கமீன் போதாதா என்றார்கள். போதாது. வருஷத்தில் நாலு தடவை மாமல்லபுரம் போகிறோம். காலை நனைக்கிறோம், சுண்டல் தின்கிறோம், பஸ் ஏறுகிறோம். அந்தத் தண்ணீருக்கு அடியில் என்னதான் நடக்கிறது? ஆயுசில் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

என் வீட்டுக்காரர் சபேசன் கூட்டுறவு வங்கியில் மேனேஜர். சுத்த சைவம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே லீவு. தொட்டி விஷயத்தில் அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றார். கல்யாணமான பெண்களுக்குத் தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று.

தண்ணீருக்கு ஆள் பிடித்தேன். எத்திராஜ். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் போட் வைத்திருக்கிறார். அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய் கேன் கேனாகத் தெளிந்த தண்ணீர் மொண்டு, மினி வேனில் ஏற்றி, திருக்கழுக்குன்றம் ரோடு வழியாகக் கொண்டுவந்து இறக்கினார். "இன்னாக்கா, கடலையே வூட்டுக்குத் தூக்கினு வந்துட்ட" என்று அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

மோட்டார் அலை கிளப்பியது. டியூப் லைட்டுகள் எரிந்தன. மீன் விட மட்டும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று சென்னைக் கடைக்காரத் தம்பி சொல்லியிருந்தான். பொறுமையா, எனக்கா? நான் குக்கர் ஆவி அடங்குமுன் மூடியைத் திருகுகிற ஜாதி. மூன்றாம் நாளே இரண்டு நீல மீன்களை விட்டேன். இரண்டும் போய்ச் சேர்ந்தன. அழுதேன்.

அதற்கப்புறம் ஒழுங்காகப் பொறுத்தேன். தண்ணீர் பக்குவத்துக்கு வந்தது. ஆரஞ்சு மீன்கள் வந்தன, நன்றாக இருந்தன. கடல் சாமந்தியும் வந்தது. ஆனால் நத்தையும், சங்குக்குள் குடியிருக்கிற துறவி நண்டும், இறாலும் விட்டால் மட்டும்... ஒரு வாரம், பத்து நாள். அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. மீனுக்கு ஒரு குறையும் இல்லை, இதுகள் மட்டும் சாகின்றன. கடல் சாமந்தியும் சுருங்கி, வற்றல் போட்ட கத்திரிக்காய் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சாவுக்கும் நான் அழுதேன். ஆபீஸில்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் வந்தார். வீட்டுக்குள் உப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் குடும்பமும் உப்பாகக் கரையும் என்றார். வாயில்லா ஜீவனைக் கூட்டிவந்து கொல்வது என்ன பொழுதுபோக்கு என்றும் கேட்டார். அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"இனிமே ஒரு உயிர் போனா, இந்தத் தொட்டி இந்த வீட்ல இருக்காது. அக்கா, உன் முன்னாடி சொல்றேன். இதான் என் வார்த்தை."

அவர் வார்த்தை என்றால் வார்த்தைதான். வங்கியில் சொந்த மச்சினனுக்கே கையெழுத்து சரியில்லை என்று லோனைத் திருப்பி அனுப்பியவர்.

சென்னைக் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். மீன் நன்றாக இருந்து இறாலும் நண்டும் மட்டும் போகிறதென்றால் தண்ணீரில் செம்பு இருக்கிறது என்றான். மீன் கொஞ்சம் தாங்குமாம், இதுகள் தாங்காதாம். செம்பு கலந்த மருந்து ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டான். சத்தியமாக இல்லை! மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன். செம்பு எங்கிருந்து வரும்? ஒன்றும் பிடிபடவில்லை. சரி, தண்ணீர், மணல், கல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எத்திராஜ் புதுத் தண்ணீரும் புது மணலும் கல்லும் கொண்டுவந்தார். மீன்களையும், இருக்கிறதா போனதா என்று தெரியாத கடல் சாமந்தியையும் புதுத் தண்ணீர் நிரப்பிய டப்பில் மாற்றினோம். பழைய மணலை வழிக்கத் தொடங்கினேன். வடகிழக்கு மூலையில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். பச்சை பூத்த ஒரு செப்புத் தகடு. அதில் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் எழுத்து.

கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. மொத்தம் ஐந்து!

எத்திராஜ் கையிலிருந்த பக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு வாசல் வரை பின்னால் போய்விட்டார். "யக்கா, தொடாத. இது வச்ச பொருளு. யாரோ உனுக்கு செய்வினை வச்சிக்கீறாங்க" என்றார். தகடு என்றால் நம் ஊரில் வேறு என்ன நினைப்போம்? நாத்தனார் முகம்தான் கண்முன் வந்தது. அவர் எப்போதெல்லாம் தொட்டிப் பக்கம் போனார் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பாவம், அவரை அந்தப் பத்து நிமிஷத்தில் நான் நினைத்த நினைப்பை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கல்யாணத் தாம்பூலப் பையோடு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பேப்பர் மேல் வரிசையாக வைத்திருந்த தகடுகளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அதை ஏன் எடுத்தே லலிதா? அது அதுங்க உயிருக்குக் காப்பு."

நின்றபடியே எல்லாம் சொன்னார். மதுராந்தகத்தில் ஒரு வாஸ்துக்காரராம். முதல் நீல மீன் செத்ததுமே போய்ப் பார்த்தாராம். ஈசானிய மூலையில் மணலுக்கடியில் வைக்கச் சொல்லி ஒரு தகடு. அதற்கப்புறமும் நத்தை செத்தது. திருஷ்டியாக இருக்கும் என்று இன்னொரு தகடு. நண்டுக்கு ஒன்று. இறாலுக்கு ஒன்று. கடல் சாமந்தி வாடியதற்கு ஒன்று. சாவு கூடக் கூடத் தகட்டின் சக்தியும் கூடிக்கொண்டே போயிருக்கிறது! நான் ஆபீஸ் போனபின் கையை விட்டுப் புதைத்துவிட்டு, துடைத்துவிட்டுத்தான் வங்கிக்குப் போவாராம்.

"அப்ப சூனியக்காரரு நம்ம சார்தானா?" என்று வாசலில் இருந்தே கேட்டார் எத்திராஜ்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மணலை வீட்டுக்காரர் தலையில் கொட்டியிருக்க வேண்டும். தொட்டியே பிடிக்காத மனுஷருக்கு இந்த வேலை எதற்கு என்று கத்தினேன். அவர் தாம்பூலப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பிடிக்கலைன்னு யார் சொன்னா? ஒவ்வொண்ணு சாகும்போதும் நீ அழறே. அதுதான் பிடிக்கலை."

முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரி ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் எத்திராஜ் முன்னால்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் யாராவது விஷம் என்று தெரிந்து விஷம் வைக்கிறார்களா? எல்லாம் காப்பு என்று நினைத்துத்தான் வைக்கிறோம். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்று விடியுமுன் ஒரு டியூஷன். மார்க் குறைந்தால் இன்னொரு டியூஷன். பெண் வாடினால் ஒரு பரிகாரம், இன்னும் வாடினால் அதைவிடப் பெரிய பரிகாரம். வைத்ததை எடுத்துப் பார்ப்போமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

சரி, கதைக்கு வருவோம். தகடுகள் பரணுக்குப் போயின. புது மணல், புதுக் கல், புதுத் தண்ணீர். இந்த முறை நான் முனிவர் மாதிரிப் பொறுத்தேன். டப்பில் கிடந்த கடல் சாமந்தி பிழைக்குமா என்பதுதான் பெரிய கவலை. ஒரு நாள் காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்க்கிறேன்... மெதுவாக ஒரு விரல், அப்புறம் இன்னொன்று, அப்புறம் முழுசாக! தொட்டிக்கு மாற்றினேன். கல்லைப் பிடித்துக்கொண்டது. ஆரஞ்சு மீன்கள் சம்பந்தி வீட்டார் போல ரெண்டு நாள் எட்ட நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் உரிமையோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. நத்தை விட்டேன், உயிரோடு இருந்தது. துறவி நண்டு விட்டேன், தினமும் ஊர்வலம் போனது. கடைசியாக இறால். பத்து நாள் தாண்டியது, மாதங்கள் தாண்டின. ஜெயித்துவிட்டேன்!

தெருவே வந்து பார்த்தது. ஸ்கூல் பிள்ளைகள் வந்தார்கள். எத்திராஜ் மனைவி மக்களோடு வந்து, தான் தினம் மிதக்கிற இடம் இதுதான் என்று அவர்களுக்குக் காட்டினார். நாத்தனாரும் வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. வெற்றி பெற்றவர்களுக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டுமல்லவா?

ஆனால் ஒன்று. ஒரு உயிர் போனால் தொட்டி வெளியே என்ற அந்த வார்த்தை மட்டும் அப்படியேதான் இருந்தது. அக்கா முன்னால் சொன்னது. அவரும் வாபஸ் வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து, தலைக்குக் குளித்து, துண்டோடு நின்றார். நான் கேட்காமலே, தொட்டியில் எல்லாரும் சௌக்கியம் என்றார். அவராகவே காபி போட்டார். எனக்குப் பொறி தட்டியது. போய்ப் பார்த்தேன். இறாலைக் காணோம்.

எங்கே என்று கேட்டேன்.

"கல்லுக்குப் பின்னாடி இருக்கும். இப்பத்தான் பார்த்தேன்" என்றார், காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலையில் பூப் பறிக்கப் போனவள், செம்பருத்திச் செடிக்கு அடியில் புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தேன். மேலே ஒரு பூ வைத்திருந்தது. குச்சியால் கிளறினேன். பேப்பரில் மடித்து இறால்! கையில் எடுத்தால்... எடையே இல்லை. கண்ணாடி மாதிரி வெறும் கூடு. கால், மீசை எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது, உள்ளே உடம்பு மட்டும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். புது ஓடு கெட்டிப்படும்வரை வெளியே தலை காட்டாது.

பேப்பரை மடித்து, மண்ணை மூடி, பூவை இருந்தபடியே வைத்துவிட்டு உள்ளே வந்தேன். சொந்த மச்சினனுக்கு வளையாத மனுஷர். என் தொட்டி இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பிரேதத்தை மறைத்திருக்கிறார், என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை காலை இறால் வெளியே வந்தது. முன்னைவிடப் பெரிதாக, புதுப்புடவை கட்டிய மாதிரி பளபளவென்று. ஒன்றும் தெரியாதவள் போல அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மெல்லக் கை கூப்பினார்!

அன்று முதல் காலையும் மாலையும் இறால் முன்னால் நிற்கிறார். செம்பருத்திச் செடியைப் பார்க்கிறார், தொட்டியைப் பார்க்கிறார். செத்தது எப்படிப் பிழைத்தது என்று என்னைக் கேட்கத் துடிக்கிறார். கேட்டால் புதைத்தது வெளியே வந்துவிடுமே!

பாவம், இந்தப் பத்தியை அவர் படிக்கும்வரைதான் இந்தத் தவிப்பு. ஏங்க... அது சாகவே இல்லைங்க, சட்டை மாத்தியிருக்கு!