விமானக் கடிகாரத்தின் வலப்பக்கத் திருகு

எழுபதுகளில் என் கணவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தார். கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு ருஷ்யக் கடிகாரத்தை எடுத்து, காரைக்குடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்பு முகத்தில் பெரிய வட்டம், அதற்குள் இரண்டு சின்ன வட்டங்கள். மேலே இருப்பது பறந்த நேரம் காட்டவாம், கீழே இருப்பது விநாடி எண்ணவாம். "இடப்பக்கத் திருகுல சாவி குடு, போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

ஒருநாள் அது நின்றுவிட்டது. தேவகோட்டையிலிருந்து வந்திருந்த நாத்தனார் வள்ளி மேல்தான் மாமியாருக்குச் சந்தேகம்.

"அண்ணன் சாமானைக் கெடுத்துட்டியேடி."

"நான் தொடவே இல்லம்மா" என்று அவள் அழுதாள்.

தூசி துடைக்கும்போது வலப்பக்கத் திருகைத் திருப்பியவள் நான். பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மூவரும் கடிகாரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதைக் கழற்றவே இல்லை. வலப்பக்கத் திருகை மெல்லத் திருப்பினார், ஓடத் தொடங்கியது.

"பழுது ஒண்ணுமில்லம்மா. முன்னால இதே மாதிரி ஒண்ணு பாத்திருக்கேன். விநாடி பிசகாம மணி வைக்கிறதுக்காக இந்தத் திருகைத் திருப்பி நிறுத்துவாக. யாரோ தெரியாமத் திருப்பிட்டீக."

மாமியார் வள்ளியை முறைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தான் அத்தை."

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளா எனக்கு ஏச்சு வாங்கிக் குடுத்துட்டு, இப்பத்தான் வாய் வந்துச்சாக்கும் அண்ணி?"

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேசாமல் இருப்பவளால் யாருக்கும் கெடுதல் வராது என்று அதுவரை நம்பியிருந்தேன். பேசக் கூச்சப்படுவது இன்றும் போகவில்லை. ஆனால் என் தப்புக்கு இன்னொருவர் ஏச்சு வாங்கும்படி அதற்கப்புறம் நான் விட்டதில்லை.