வெயிலில் தெரியாத எழுத்து

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மேல்மாடியில் அக்காவும் நானும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா சென்னையில் டிசைன் படித்தவள். கண் கூசும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை.

நெல் அறுக்கிற மிஷின்களை வாடகைக்கு விடும் பாய் ஒருவர் வந்தார். "விவசாயிங்க போன்லயே மிஷின் புக் பண்றாப்ல செஞ்சி குடும்மா. சீசன்ல போன் பேசியே தொண்ட கட்டிக்கிது" என்றார்.

வெளிர்பச்சைத் திரையில் சாம்பல் நிற மெல்லிய எழுத்து. அக்கா அதை முடித்த அன்று நான் கை தட்டினேன். பாய் மட்டும் குனிந்து பார்த்தார்.

"எழுத்து கொஞ்சம் மங்கலா இல்ல?"

"இப்போ இதான் பாய் ஸ்டைல். நான் படிச்சதே இதத்தான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சீசன் வந்தது. புக்கிங் வரவில்லை. "ஜனங்க பழகணும், டைம் ஆவும்" என்றாள் அக்கா. பாய், மிஷின் ஓடிக்கொண்டிருந்த தொண்டூருக்கு எங்களைக் காரில் அழைத்துப் போனார். உச்சி வெயில். பக்கத்து நிலத்துக்கார அம்மா மிஷினுக்காக வரப்பில் காத்திருந்தார். அவர் போனிலேயே புக்கிங் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள் அக்கா.

அந்த அம்மா முந்தானையை நிழலாகப் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா, வெறும் பச்சையா இருக்குது? எதுனா எழுதியிருக்குதா?"

"இருக்குதும்மா, இதோ..." அக்கா வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். தானே வைத்த பட்டனைத் தேடி அவள் விரல் திரை முழுக்க அலைந்தது.

"எனக்கே தெரியலடி" என்றாள் என்னிடம், மெதுவாக. முகம் சிவந்திருந்தது. பிறகு அந்த அம்மாவிடம், "தப்பா செஞ்சிட்டேம்மா. கொஞ்சம் இருங்க" என்றாள்.

கார் சீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்தோம். வெள்ளைத் திரை, கொட்டை கொட்டையாய்க் கறுப்பு எழுத்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பட்டன். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அக்கா வரப்புக்கும் காருக்கும் ஓடினாள். கடைசியில் அந்த அம்மா தானாகவே பட்டனை அழுத்தினார். பாய் சட்டைப்பையில் போன் மணி அடித்தது.

"வந்துடுச்சி! தொண்டூர்லேர்ந்து புக்கிங்!" என்று பாய் கத்தினார். எதிரிலேயே நிற்கிறவரின் புக்கிங்குக்கு இவ்வளவு குதிப்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அதற்கப்புறமும் அக்கா வாடிக்கையாளர்களிடம் வாதாடத்தான் செய்தாள். ஆனால் எந்தப் பக்கத்தையும் பகல் வெயிலில் மொட்டை மாடியில் நின்று பார்க்காமல் கொடுத்ததில்லை. "கறுப்பு போடுடி!" என்று அங்கிருந்து கத்துவாள்.

இப்போது அவள் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள். எங்கள் மாடியில் தையல் வகுப்பு நடக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பாயின் பக்கத்தைத் திறந்தாள். அவர் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடவில்லை.

"எவ்ளோ அசிங்கமா இருக்குது பாரேன்" என்றாள். ஆனால் மூடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.