பெயின்டுக்கு அடியில் இருந்த விரிசல்

அனகாபுத்தூரில் எங்கள் சந்துக்குள் வெள்ளம் புகுந்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, நானும் என் நண்பனும் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்றும், அதன் பின்பக்கம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரும் வாங்கினோம். நான் பைக் மெக்கானிக். அவன் கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தவன். மோட்டாரைப் பார்த்துக்கொள்வது நான், படகு ஓட்டுவது அவன் என்று பேச்சு.

மாதம் ஒருமுறை நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் மாட்டி ஓடவிடுவேன். பக்கத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீய்ச்சி அடிக்க வேண்டும். மெலிந்தால் உள்ளே பம்பின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது. கியர் ஆயில் பால் மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இதையெல்லாம் எனக்குச் சொன்னதே அவன்தான். இன்னொன்றும் சொன்னான்.

"டிரெய்லர்ல இழுத்துக்கினு போம்போது மோட்டார பின்னாடி தொங்கவுடாத மச்சான். கயட்டி வண்டிக்குள்ள படுக்கப் போட்டுடு. ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சிக் குதிச்சி, புடிச்சினுகீற பிராக்கெட்டு ஒருநாள் படார்னு பூடும்."

போன மழைக்கு முன்னால், தங்கை கல்யாண வேலையாக ஒரு வாரம் பொத்தேரியில் இருந்தேன். திரும்பி வந்தால் பிராக்கெட்டில் புதுச் சாம்பல் நிறப் பெயின்ட்.

"உப்பு பூத்துக் கெடந்திச்சு. உனக்கு வேலை மிச்சமாவட்டும்னு அடிச்சேன்" என்றான். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோயிற்று.

மழை வந்தது, சந்துக்குள் மறுபடியும் வெள்ளம். இரண்டாம் நாள் காலை, கடைசி வீட்டுப் பெரியவருக்கு டயாலிசிஸ். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நின்றது. நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஒடம்பு கொதிக்குது மச்சான். நீயே ஓட்டு, உனக்குத் தெரியாததா?"

பெரியவரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருப்பத்தில் ஆற்றுத் தண்ணீர் குறுக்கே இழுத்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். படார் என்று ஒரு சத்தம். பிராக்கெட் முறிந்து மோட்டார் தண்ணீருக்குள் போய், நான் கட்டியிருந்த கயிற்றில் தொங்கியது. படகு சுழன்று காம்பவுண்டு சுவரில் மோதியது. பெரியவரின் நெற்றி கிழிந்தது. நான் குதித்தேன். மார்பளவு தண்ணீர். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது பெரியவரின் மகள், "எல்லாம் ரெடியா கீதுன்னு சொன்னியேண்ணா" என்றாள்.

மத்தியானம் முறிந்த இடத்தைப் பார்த்தேன். பாதி வெள்ளையாக மின்னியது, அன்று உடைந்தது. மீதிப் பாதிக்குள் சாம்பல் பெயின்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. விரிசலைப் பார்த்தபிறகுதான் பெயின்ட் அடித்திருக்கிறான்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"ஜொரமா? அவருக்கா? காலைலேர்ந்து மொட்டை மாடில நின்னு தண்ணிய வேடிக்கை பாத்துகினு கீறாரு."

அவன் இறங்கி வந்தான். நான் பொத்தேரியில் இருந்த வாரம் உறவுக்காரன் கேட்டானென்று படகை இழுத்துக்கொண்டு போனதாகவும், அவசரத்தில் மோட்டாரைக் கழற்றவில்லை என்றும் சொன்னான்.

"ஏன்டா என்னாண்ட சொல்லல?"

"சொன்னா பேஜார் பண்ணுவ. தாங்கும்னு நென்ச்சேன்."

"தாங்கும்னா நீ ஏன்டா வர்ல?"

அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

தண்ணீரில் முழுகிய மோட்டாரை அன்றைக்கே பார்க்காவிட்டால் உள்ளே துரு பிடித்துவிடும். கை வேலை செய்தது. மனசு அவன் வீட்டு வாசலிலேயே நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து இருட்டும் முன் ஸ்டார்ட் பண்ணிவிட்டேன்.

பெரியவர் நெற்றியில் தையலோடு பிழைத்து வந்தார். தெருவில் மட்டும், மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை என்ற பேச்சு நின்றது. டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த அவன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, "அது என் தப்பு" என்று சொல்வான் என்று அப்போதும் நம்பினேன்.

அடுத்த வாரம் பைக்கைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். "பிரேக் புடிக்கல மச்சான்."

"வுட்டுட்டுப் போங்க சார். சாயங்காலம் ஆவும்" என்றேன்.

பைக்கை நிறுத்திவிட்டு, தூறலில் நடந்து போனான். பிரேக்கை ஒழுங்காகவே சரிசெய்தேன். அவன் மனைவி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.